வரைபடமும் கோப்பின் இருப்பிடமும்

ஒரு பொருளைக் குறித்துப் பேசப் புகுவோர் அப்பொருள் யாண்டுளது என்பதை முதற்கண் கூறிப் பின்னரே அதன் இயல்பை விரித்துரைத்தல் முறை. நிலத்தை விற்பவன் அதன் நான்கெல்லையைக் கூறுகின்றான். மடல் விடுப்பவன் ஊரையும் தெருவையும் எழுதுகின்றான். கல்வெட்டைப் படியெடுப்பவன் அஃது எக்கோவிலின் எச்சுவரில் உளது எனக் குறித்துக்கொள்கின்றான். இருப்பிடம் அறியப்படாத பொருள் இல்லாத பொருளோடு ஒக்கும். இவ்வுண்மையை யாம் தமிழ் வகுப்பிற் பன்முறை கேட்டிருந்தோம். எனினும், கணிப்பொறியின் முன்னமர்ந்து எம் ஊரின் மழைக் கணக்கை வரைபடமாக்க முயன்று, இருமுறை இடறிய பின்னரே அதன் முழுப்பொருளையும் உணர்ந்தோம். அவ்வனுபவத்தினின்றும் எழுந்த எம் கருத்தை நம் கல்லூரியின் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் ஊர் திருவண்ணாமலை. 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த புயல் விரைந்து அகலாமல் நிலத்தின்மேல் தயங்கி நின்று பெருமழை பெய்வித்தது. டிசம்பர் 1-ஆம் நாள் மாலை அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் உள்ள வீட்டின்மேல் வீழ்ந்தன. ஏழு பேர் புதையுண்டு மாண்டனர். அவருட் பலர் சிறார். மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையினின்றும் நொடிக்கு 1,68,000 கன அடி அளவில் நீர் திறந்துவிடப்பட்டது. 1958-ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட அவ்வணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையிலுள்ள ஊர்கள் விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வரையிலும் வெள்ளத்தில் ஆழ்ந்தன.

அத்துயரத்தின் பின் ஊரில் எழுந்த பேச்சு இரு வகையாயிருந்தது. “இத்தகைய மழையை எம் பாட்டனாரும் கண்டதில்லை” என்றனர் ஒரு சாரார். “இதனினும் மிக்க மழை முன்னும் பெய்ததுண்டு, மலையடியில் வீடு கட்டியதே பிழை” என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் நினைவினின்றே பேசினர். எவர் கையிலும் கணக்கில்லை. நினைவு நல்லதே, ஆயினும் அஃது அச்சத்தாற் பெருகும், காலத்தால் தேயும். எண்களை நிரல்பட வைத்துப் படமாகக் கண்டாலன்றி இவ்வழக்குத் தீராதென யாம் கருதினோம். கல்லூரியிற் சேர்ந்தபின் வந்த விடுமுறையில், செய்தித்தாள்களில் வெளிவந்த நாள்தோறும் மழையளவுகளைத் திரட்டி, ஒரு கோப்பாகத் தட்டெழுதி, வரைபடம் வரைய முற்பட்டோம்.

இத்தகைய பணிக்குரிய மென்பொருள்கள் சில உள. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு நியூ மெக்சிகோப் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பித்த கிளீவ் மோலர் என்பவர், தம் மாணவர் நிரல் எழுதும் மொழியைக் கல்லாமலே அணிக்கணக்குகளைச் செய்யும்பொருட்டு மேட்லேப் என்பதனை ஆக்கினார். 1984 முதல் அது விலைக்கு விற்கும் பொருளாயிற்று. பிரான்சு நாட்டிற் பிறந்த சைலேப் என்பதும், வேதிப் பொறியியல் பயிலும் மாணவர்க்குத் துணையாக அமெரிக்காவில் ஜான் ஈட்டன் என்பவர் 1992-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய ஆக்டேவ் என்பதும் விலையின்றிக் கிடைப்பன. பொருளின்மையைக் காரணங்காட்டித் திருட்டுப் படியை நாடும் மாணவர்க்கு இவை இருத்தலே போதிய மறுமொழியாகும். மும்பை ஐ.ஐ.டி.யினர் இத்தகைய விலையில்லா மென்பொருள்களை நாடெங்கும் பரப்பி வருகின்றனர். அவர் வெளியிட்டுள்ள ஸ்போக்கன் டுடோரியல் என்னும் காணொலிப் பாடங்களுட் பல தமிழிலும் உள. யாம் ஆக்டேவைத் தேர்ந்துகொண்டோம்.

எமக்குத் துணைநின்றவர் கணித வகுப்பில் எமக்கு ஈராண்டு மூத்தவர். அவர் சொல்லியவாறே கட்டளையைத் தட்டினோம். “அக்கோப்பைத் திறக்க இயலவில்லை” என்று கணிப்பொறி மறுத்துவிட்டது. மீண்டும் தட்டினோம், மீண்டும் மறுத்தது.

“தம்பி, கோப்பு எங்கே இருக்கிறது?” என்றார் அவர்.

“கணிப்பொறியில்தான் இருக்கிறது, அண்ணா” என்றோம்.

“ஊரில்தான் இருக்கிறான் என்றால் தபால்காரர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?” என்று அவர் நகைத்தார்.

அந்நகையிலிருந்தே எம் பாடம் தொடங்கிற்று. கணிப்பொறியின் உள்ளமைப்பு எம் ஊர்க் கோவிலின் அமைப்பினை ஒருவாறு ஒத்திருக்கின்றது. கோவிலுள் புகுவோர் ராஜகோபுரத்தைக் கடந்து, வல்லாள கோபுரத்தைக் கடந்து, கிளி கோபுரத்தைக் கடந்து உட்பிராகாரத்தை அடைவர். அவ்வாறே கோப்புறைக்குள் கோப்புறையும், அதனுள் மற்றொரு கோப்புறையுமாக அமைந்து, இறுதியிலேயே கோப்பு உறைகின்றது. வாயிலினின்றும் தொடங்கி ஒவ்வொரு கோபுரத்தையும் பெயர் சொல்லிக் கூறுவது முழுப்பாதை. ‘நீ நிற்குமிடத்திலிருந்து இடப்பக்கத்து இரண்டாம் தூண்’ என்பது சார்புப்பாதை. முன்னது எங்கிருந்து கேட்பினும் மாறாது. பின்னது கேட்பவன் நிற்குமிடம் மாறினாற் பொருள் மாறிவிடும்.

ஆக்டேவ் எப்பொழுதும் ஏதேனும் ஒரு கோப்புறையில் நின்றுகொண்டே பணிபுரிகின்றது. கோப்பின் பெயரை மட்டும் கூறினால், முதலில் தான் நிற்கும் கோப்புறையிலும், பின்னர்த் தனக்கு முன்னரே சொல்லிவைக்கப்பட்ட தேடுபாதைகளிலும் தேடும்; அங்கெல்லாம் காணாவிடின் இல்லையென்று கூறிவிடும். தான் நிற்குமிடம் யாதென அதனைக் கேட்டறிதற்குரிய கட்டளை ‘பி.டபிள்யூ.டி.’ என்னும் மூன்றெழுத்து. அவ்வெழுத்துக்களைக் கேட்டவுடன் எம் ஊரார் பொதுப்பணித் துறையையே நினைப்பர். யாமும் அவ்வாறே நினைத்து நகைத்தோம். இடம் மாறுதற்குச் ‘சி.டி.’ என்பதும், அவ்விடத்துள்ள கோப்புக்களைப் பட்டியலிடுதற்கு ‘எல்.எஸ்.’ என்பதும் உரிய கட்டளைகள். இம்மூன்றையும் அறிந்தோர்க்குக் கோப்பு காணாமற்போதல் அரிது. எம் கோப்போ, பதிவிறக்கங்களுக்குரிய கோப்புறையில், ‘புதியது இறுதி இரண்டு’ என்னும் பொருள்படும் பெயருடன் கிடந்தது. அன்றியும், அதன் பெயரின் ஈற்றில் சி.எஸ்.வி. என்பதன் பின் டி.எக்ஸ்.டி. என்னும் மற்றொரு ஈறும் ஒட்டியிருந்தது. கணிப்பொறி அவ்வீற்றை எம் கண்ணுக்கு மறைத்து வைத்திருந்தது. மறைந்திருந்த ஈற்றை நீக்கி, பெயரைத் திருத்தி, மழைக்கென ஒரு கோப்புறை வகுத்து அதனுள் வைத்தபின், ‘பிளாட்’ என்னும் ஒரே கட்டளையாற் படம் தோன்றிற்று.

இது முதல் இடறல். இதனால் விளைந்தது காலவிரயம் ஒன்றே. இரண்டாம் இடறல் அத்தகையதன்று.

செய்தித்தாள்கள் சில நாள் மழையைச் சென்டிமீட்டரிலும் சில நாள் மில்லிமீட்டரிலும் கூறியிருந்தன. யாம் அவ்வேற்றுமையைக் கருதாது எண்களை அவ்வாறே எழுதிவிட்டோம். பின்னர்ப் பிழையுணர்ந்து எல்லாவற்றையும் மில்லிமீட்டராகத் திருத்தி, அதே பெயரால் வேறொரு கோப்புறையிற் சேமித்தோம். மறுநாள் வரைபடத்தை அழகுற வரைந்து, அச்சுக்களுக்குப் பெயரிட்டு, தலைப்பும் சூட்டி, உறவினர் பலர் கூடிய வாட்ஸ்அப் குழுவில் இட்டோம். அது கைக்குக் கை மாறிப் பலரிடம் சென்றது. எம் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதனைக் கண்டு, “தம்பி, படம் நன்றாக இருக்கிறது, இந்த எண்களை எங்கிருந்து எடுத்தாய்?” என்று வினவினார். அவருக்குக் கோப்பைக் காட்டுதற்காகத் திறந்தபொழுதே, ஆக்டேவ் நின்ற இடத்திற் பழைய கோப்பு இருந்ததனையும், அது அப்பழைய கோப்பையே படித்துப் படம் வரைந்திருந்ததனையும் கண்டோம். பெருமழை பெய்த ஒரு நாள், படத்திற் சிறுதூறலாய்க் காட்சியளித்தது. திருத்திய படத்தை அன்றே அனுப்பினோம். முதற்படம் சென்ற இடங்களுக்கெல்லாம் அது சென்றிலது.

நண்பர்களே, இவ்விரண்டு இடறல்களையும் ஒப்புநோக்குங்கள். கோப்பைக் காணாத கணிப்பொறி நேர்மையாக ‘இல்லை’ என்று கூறிற்று. வேறு கோப்பைக் கண்ட கணிப்பொறியோ ஒன்றும் கூறாது அழகிய பொய்யொன்றை வரைந்து தந்தது. ஏழு உயிர் மாண்ட நிகழ்ச்சியைக் குறித்த படத்திற் பொய் கலந்தமை எம்மை நெடுநாள் வருத்தியது. படம் வரைதல் ஒரு கட்டளையின் பணி. எண்கள் எங்கிருந்து வந்தன, எந்தக் கோப்பில் உள்ளன, அக்கோப்பு எங்கே வைக்கப்பட்டுள்ளது, அதன் எந்தப் படி திருத்தமானது என்பவற்றை அறிந்து காத்தலே புலமையின் பணி. இதுவே யாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

இப்பணி தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. நம் முன்னோர் ஏடுகளைப் பதிப்பித்த வரலாறு முழுதும் இப்பணியின் வரலாறே. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை வெளியிடுதற்கு முன் பல ஊர்களினின்றும் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்தார்கள். 1890-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுவோர், ஒவ்வொரு கல்வெட்டுக்கும் அஃது உள்ள ஊரும் கோவிலும் சுவரும் குறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். அக்குறிப்பு முழுப்பாதையன்றி வேறென்னை? ஐயமுற்றோன் நேரே சென்று அக்கல்லைக் கண்டு தெளியலாம். ஐயமுற்றோனுக்கு வழி திறந்து வைப்பதே ஆராய்ச்சி. வழியை அடைத்துவிட்டு ‘எம்மை நம்புக’ என்பது ஆராய்ச்சியாகாது.

பதிப்பாசிரியரிடம் கணிப்பொறி மாணவர் கற்கவேண்டுவன வேறு மூன்றும் உள.

முதலாவது, சிதைந்த இடத்தைச் சிதைந்ததெனவே காட்டுதல். செல்லரித்த ஏட்டிற் சொல் காணாவிடின் நல்ல பதிப்பாசிரியர் அவ்விடத்திற் புள்ளியிடுவரேயன்றித் தாமே ஒரு சொல்லை நிரப்பார். மழைக் கணக்கிலும் அளவு கிடையாத நாட்கள் பல. கோப்பில் அவ்விடத்தை வெறுமையாக விட்டால், எண்களைப் படிக்கும் எளிய கட்டளையானது, நாம் வேறு கூறாவிடின், அங்கே சுழியை நிரப்பிவிடுகின்றது. மழை பெய்யாமை வேறு. பெய்த மழையை அளவாமை வேறு. வெள்ளத்தால் அளப்போன் வரவியலாத நாள் படத்தில் வறண்ட நாளாகத் தோன்றுமாயின், அதனினும் பெரும்பொய் யாதுளது? அத்தகைய இடத்தில் ‘எண் அன்று’ எனப் பொருள்படும் என்.ஏ.என். என்னும் குறியை இடல் வேண்டும். அவ்வாறு இட்டால் வரைகோடு அவ்விடத்தில் அறுந்து நின்று, ‘இங்குக் கணக்கில்லை’ என்று தானே உரைக்கும்.

இரண்டாவது, சொல்லின் பொருளை அதனை வழங்கினோர் வழக்காலறிதல். இந்திய வானிலைத் துறையினர் ஒரு நாள் மழை என்று கூறுவது, முதல் நாட் காலை 8.30 மணிமுதல் மறுநாட் காலை 8.30 மணிவரை பெய்த மழையாகும். அஃது அளந்த நாளின் பெயராலேயே பதிவாகின்றது. ஆதலின் டிசம்பர் 1-ஆம் நாள் மாலை பெய்த மழையை டிசம்பர் 2-ஆம் நாட் கணக்கிலேயே காணலாகும். இவ்வழக்கையறியாது படம் வரைவோன், மலை முன்னர்ச் சரிந்தது, மழை பின்னர்ப் பெய்தது என்று முடிபுகட்டவும் கூடும்! எண் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரை வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அவ்வுரையை ஒரு சிறு குறிப்பாக எழுதி, எண்கள் உள்ள கோப்புறையிலேயே வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பாடபேதத்தை மறையாமை. ஒரே ஊரின் ஒரே நாள் மழையை இரு தாள்கள் இரு வேறாகக் கூறியிருந்தால், நமக்கு உவந்த ஒன்றைக் கொண்டு மற்றதை அழித்தல் முறையன்று. இரண்டையும் குறித்து, எதனைக் கொண்டோம், ஏன் கொண்டோம் எனக் கூறுதலே முறை.

இனி, படம் வரைதலைப் பற்றியும் சில கூறுவாம். எம் ஊர் மலையை வலம்வருவோர் 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். ஓரிடத்தில் மலை ஒற்றைக் கூம்பாகத் தோன்றும். மற்றோரிடத்திற் பல முகடுகளாகத் தோன்றும். மலை ஒன்றே; நிற்குமிடம் வேறு. வரைபடமும் அத்தகையது. நாள்தோறும் மழையைத் தனித்தனிக் கோலாக வரைந்தால் ஒரு நாட் பெருமழை கோபுரமென நிமிர்ந்து நிற்க, ஏனைய நாட்களின் மழை கண்ணிற்படாது தரையோடு ஒட்டிவிடும். ஒவ்வொரு நாளின் மழையையும் முன்னாட்களின் மழையோடு கூட்டிக்கொண்டே சென்று வரைந்தால், படிப்படியாக ஏறும் கோடொன்று கிடைக்கும். பேரிடருக்கு முன்னரே மண் எவ்வளவு நீரைக் குடித்திருந்தது என்பதை அக்கோடு காட்டும். மலைச்சரிவைக் குறித்துச் சிந்திப்போர்க்கு இரண்டாவதே பயன்மிக்கது. ஒரு நாள் மழையின் கொடுமையை உணர்த்துதற்கு முன்னதே தக்கது. ஆதலால் இன்ன படம் வரைந்தேன் என்பதனோடு, ஏன் இதனை வரைந்தேன் என்பதையும் கூறல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். தென்பெண்ணை ஆற்றுப்பகுதியைச் சேர்ந்த ஊத்தங்கரையில், 2024 டிசம்பர் 2-ஆம் நாட் காலையோடு முடிந்த ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 20.45 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பெய்வதனையே வானிலைத் துறையினர் மிகப்பெருமழை என வகுப்பர். வடகிழக்குப் பருவகாலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களிலும் தமிழ்நாட்டின் சராசரி மழை 44 சென்டிமீட்டர். மூன்று திங்களின் மழைக்கு மேற்பட்டது ஒரு பகலிலும் ஓரிரவிலும் பெய்ததென்பதை, இம்மூன்று எண்களையும் ஒரே படத்தில் அருகருகே கண்டோர் எளிதில் மறவார். ‘பாட்டனாரும் கண்டதில்லை’ என்னும் சொல்லைவிட இப்படம் வலிமையுடையது. ஏனெனில் இதனை மறுக்க விரும்புவோனுக்கும் இதுவே வழிகாட்டும்.

இவற்றைக் கேட்போர் சில தடைகளை எழுப்புதல் கூடும். “இலக்கியம் பயிலும் மாணவனுக்குக் கணிப்பொறியில் வரைபடம் எதற்கு? அது கணிதத்தார் தொழிலன்றோ?” என்பது ஒரு தடை. எம் நண்பர் கணிதத்தில் வல்லவர். கட்டளைகளை எமக்குக் கற்பித்தவரும் அவரே. ஆயினும் சுழிக்கும் வெறுமைக்கும் உள்ள வேற்றுமையை ஏடு பயின்ற எம் கண்ணே முதலிற் கண்டது. இரு துறையாரும் ஒரு மேசையில் அமர்ந்தால் பயன் மிகும் என்பதே எம் விடை.

“அரசாங்கத்தார் கணக்கெடுக்கின்றனர், வல்லுநர் படம் வரைகின்றனர், நமக்கேன் இவ்வுழைப்பு?” என்பது மற்றொரு தடை. அவர் செய்வது உண்மையே. அதனை யாம் இகழவில்லை. ஆனால் அவர் அளக்குமிடம் ஓரூரில் ஒன்றோ இரண்டோதான். மலையின் ஒரு புறம் பெய்த மழை மறுபுறம் பெய்யாதிருத்தலை எம் ஊரார் அறிவர். அன்றியும், பிறர் வரைந்த படத்தைப் படிக்கத் தெரியாத மக்களிடம் எச்சரிக்கையும் வெற்றோசையாய்விடும். தாமே ஒருமுறை அளந்து எழுதி வரைந்தவன்தான் பிறர் வரைந்ததைச் சோதித்தறிவான்.

“கட்டளைகளைத் தட்டுதல் தொல்லை, அட்டவணை மென்பொருளிற் சுட்டிக்காட்டினாற் படம் வந்துவிடுமே” என்பது மூன்றாம் தடை. வரும்; விரைந்தும் வரும். ஆயின் எவ்வெண்ணை எடுத்தோம், எதனை விடுத்தோம் என்னும் சுவடு பெரும்பாலும் அங்கே எஞ்சுவதில்லை. கட்டளைகளை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைத்தாலோ, எந்தக் கோப்பைத் திறந்தோம் என்பது முதல் அச்சுக்களுக்கு இட்ட பெயர் வரை யாவும் அதிலேயே நிலைபெறும். பத்தாண்டு கழித்து வரும் மாணவன் அதனைப் படித்து அதே படத்தை வரையலாம். நம் பிழையையும் கண்டு திருத்தலாம்.

இங்ஙனம் தடைகளுக்கு விடைகூறிய யாம், நம் கல்லூரி செய்யத்தக்கன எனக் கருதுவனவற்றைப் பணிவுடன் கூறி முடிப்போம்.

கல்லூரித் தோட்டத்தில் மழைமானி ஒன்று அமைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மாணவர் முறைவைத்து அளந்து எழுதல் வேண்டும். அளக்கத் தவறிய நாளைத் தவறியதெனவே எழுதல் வேண்டும். அவ்வெண்களை ஒரே கோப்பில், ஒரே அலகில் சேர்த்துவருதல் வேண்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையில் எண்கள் அமையுமாயின் பட்டியலில் அவை தாமே கால வரிசையில் நிற்கும்; ‘புதியது’, ‘இறுதி’ என்னும் பெயர்களை விலக்குவோமாக, நேற்றுப் புதியது இன்று பழையதாதலின். அக்கோப்பின் முழுப்பாதையை நூலகப் பதிவேட்டிலும் எழுதி வைத்தல் வேண்டும். அதன் மறுபடி ஒன்று வேறிடத்தில் இருத்தலும் இன்றியமையாதது. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபொழுது, வேறு படியில்லாத ஏடுகளும் உடன் எரிந்து மறைந்தன. அவ்விழப்பைத் தமிழ் கற்போர் மறத்தலாகாது.

இரண்டாவதாக, எல்லாத் துறை மாணவர்க்கும், முதலாண்டிலேயே, சில மணி நேரமேனும் இக்கலையைத் தமிழிற் கற்பித்தல் வேண்டும். படம் வரையும் கட்டளையை முதலிற் கற்பியாது, ‘நான் எங்கே நிற்கின்றேன், என் கோப்பு எங்கே இருக்கின்றது’ என்னும் இரண்டு வினாக்களையே முதற்பாடமாக வைத்தல் நலம். எம் தோல்வி பிறர்க்கு வாராதிருத்தற்கு இதுவே வழியென எண்ணுகின்றோம்.

மூன்றாவதாக, ஆண்டுதோறும் இவ்விதழில் அவ்வாண்டின் மழை வரைபடம் ஒன்று வெளிவருதல் வேண்டும். அதன் அடியில், எண்கள் உள்ள கோப்பின் பெயரும் இருப்பிடமும், அளந்த மாணவர் வகுப்பும், அளவு கிடையாத நாட்களின் தொகையும் அச்சிடப்படல் வேண்டும். பழைய மாணவர் எவ்வூரில் வாழினும், விரும்பினால் அதனை வருவித்துச் சோதித்துக் கொள்ளலாம்.

மலை பெயர்வதைத் தடுக்க நம் வரைபடத்தால் இயலாது. மழையைக் குறைக்கவும் இயலாது. ஆயினும், அடுத்த பெருமழை வருங்கால் ‘முன்னும் இவ்வாறு பெய்ததா?’ என்று ஒருவர் வினவினால், நினைவைத் தேடி இருவேறு கூறாது, ‘இதோ கணக்கு, இன்ன இடத்தில் இருக்கின்றது, நீரே காண்க’ என்று கூறத்தக்க நிலையில் நாம் இருத்தல் கூடும். வ.உ.சி. நகரில் மாண்ட சிறார்க்கு நம்மாற் செய்யலாவது மிகச் சிறிது. அச்சிறிதேனும் பிழையின்றிச் செய்வோமாக.